பஸ்ஸின் பின்புறக் கண்

வலிகாமத்தின் கிழக்குப் பகுதியிலே, புத்தூரும் ஆவரங்காலும் பத்தமேனியும் தோப்பும் இடைக்காடும் வளலாயும் சுற்றிலும் அமைந்திருக்க, செம்மண் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் அச்சுவேலியின் உள்ளொழுங்கைகள், மாட்டுவண்டியும் துவிச்சக்கரவண்டியும் போய்வருவதற்குப் போதுமான அகலத்தை மனத்திற்கொண்டு முன்னோர் விட்டுச் சென்றவை. அவற்றின் இரு மருங்கிலும் ஒரு காலத்திற் பூவரசும் கிளுவையும் கதியால்களாக நின்றன. கதியால்களோடு கிடுகோ பனையோலையோ வரிந்து கட்டப்பட்டிருந்தது. வாகனத்தின் பின்புறம் சற்றே முட்டினாலும் வேலி வளைந்து கொடுத்தது. இன்று அவ்விடங்களிற் பெரும்பாலும் சீமெந்து மதில்கள் எழுந்துவிட்டன. மதில் வளைந்து கொடுப்பதில்லை. ஆயினும் அந்த ஒழுங்கைகளுக்குள்ளேதான், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுவதற்காகவும், கைத்தொழிற்பேட்டைத் தொழிலாளரைக் கொண்டுபோய் விடுவதற்காகவும், கல்யாண வீட்டாரையும் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதிக்குச் செல்லும் அடியாரையும் அழைத்துப் போவதற்காகவும், பத்துப் பதினொரு மீற்றர் நீளமான பஸ்கள் இப்பொழுது புகுகின்றன. புகுந்த பஸ்ஸுக்குத் திரும்ப இடமில்லாதபோது, அது பின்னோக்கியே வெளியேற வேண்டியதாகிறது.

பின்னோக்கிச் செல்லும் பஸ்ஸின் சாரதி எவ்வளவைக் காணமாட்டார் என்பதைச் சிறிது கேத்திரகணிதத்தைக் கொண்டு கணக்கிட்டால், நாள்தோறும் அந்த பஸ்ஸைச் சுற்றி நடமாடும் நாம் திடுக்கிட்டுப் போவோம். ஆசனத்தில் அமர்ந்திருக்கும் சாரதியின் கண்ணும், உள்ளே தொங்கும் கண்ணாடியும் தெருவிலிருந்து ஏறத்தாழ 2 மீற்றர் உயரத்தில் இருப்பதாகவும், பஸ்ஸின் பின்பக்கச் சாளரத்தின் கீழ்விளிம்பு 1.6 மீற்றர் உயரத்தில் இருப்பதாகவும், இரண்டுக்கும் இடைத்தூரம் 10 மீற்றர் என்றும் கொள்வோம். கண்ணாடியிலிருந்து புறப்பட்டு அவ்விளிம்பைத் தொட்டுக்கொண்டு வெளியே செல்லும் பார்வைக்கோடு, ஒவ்வொரு 10 மீற்றருக்கும் 0.4 மீற்றர் வீதம் தாழ்ந்து செல்லும். ஆகவே, 1 மீற்றர் உயரமுள்ள ஒரு பிள்ளையின் உச்சந்தலையை அக்கோடு தொட வேண்டுமானால், அப்பிள்ளை பஸ்ஸுக்குப் பின்னால் 15 மீற்றர் தூரத்தில் நிற்க வேண்டும்; நிலத்தையே தொட வேண்டுமானால் 40 மீற்றர் செல்ல வேண்டும். இது பஸ் வெறுமையாக இருக்கும்போதுள்ள நிலை. நடைவழியில் நாலு பேர் நின்றுவிட்டால் அந்தப் பார்வையும் இல்லை. பக்கங்களிலே பொருத்தப்பட்டிருக்கும் குவிவாடிகள் பரந்த காட்சியைச் சிறிதாக்கிக் காட்டுவதில் வல்லவையேயானாலும், அவை காட்டுவது பஸ்ஸின் இரு விலாப்புறங்களையே. நேர் பின்னே, பின்தகட்டுக்கும் மதிலுக்கும் இடையிலுள்ள அந்தச் சில மீற்றர் நிலம், எந்த ஆடியும் எட்டாத இடமாகவே எஞ்சி நிற்கிறது.

இந்தக் குறையை நம்மவர் நெடுங்காலமாக மனிதக் கண்ணைக் கொண்டே நிவர்த்தி செய்து வந்திருக்கின்றனர். யாழ்ப்பாணத்துத் தெருக்களில் ஓடிய தட்டிவானின் பின்புறம் திறந்தே கிடந்தமையால், அதிலே தொற்றிக்கொண்டு நிற்பவரே வண்டியின் பின்கண்ணாகவும் இருந்தார். இன்றைய பஸ்ஸிலோ நடத்துநர் கீழே குதித்துப் பின்னாற் சென்று, "வரட்டும், வரட்டும்" என்று தட்டித் தட்டிச் சொல்லி, ஆபத்து நேரத்தில் "நிப்பாட்டுங்கோ அண்ணை!" என்று குரல் கொடுக்கிறார். இம்முறையை நான் குறைத்து மதிப்பவன் அல்லன். ஆனால், பின்புறத்திலே எஞ்சின் இரையும் பஸ்ஸிலும், அடைமழை பெய்யும் மார்கழி இரவிலும் அந்தக் குரல் பத்து மீற்றர் தூரத்தைக் கடந்து சாரதியின் காதில் தெளிவாக விழுவது அரிது. குரல் கொடுப்பவரே பஸ்ஸுக்கும் மதிலுக்கும் இடையில் அகப்பட்டுக்கொள்ளும் அபாயமும் அதில் உண்டு. ஆகையினால், கண்ணைப் பின்னே வைத்துக் காட்சியை முன்னே கொண்டுவரும் உபாயம் ஒன்று வேண்டும் என்று மனிதன் எண்ணியது இயல்பே.

அந்த எண்ணம் நாம் நினைப்பதைக் காட்டிலும் பழையது. 1956 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பியூக் நிறுவனம் காட்சிக்கு வைத்த சென்ற்றூரியன் என்னும் மாதிரிக் காரில், கண்ணாடிக்குப் பதிலாகப் பின்புறத்தில் ஒரு தொலைக்காட்சிக் கமராவும் சாரதியின் முன் ஒரு சிறு திரையும் வைக்கப்பட்டிருந்தன. விற்பனைக்கு வந்த காரில் அது இடம்பெறுவதற்கு 1991 வரை, ஜப்பானின் டொயோட்டா சோரர் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்த மாறுதல் எண்ணத்தில் அன்று, பொருளில்: 1969 இல் பெல் ஆய்வுகூடத்தில் பொயிலும் சிமித்தும் கண்டுபிடித்த, ஒளியை மின்னேற்றமாக மாற்றும் சிலிக்கன் சில்லு, வெற்றிடக் குழாய்க் கமராவின் பருமனை விரல் நுனியளவிற்குக் குறைத்துவிட்டது. அக்கண்டுபிடிப்புக்காக அவ்விருவரும் 2009 ஆம் ஆண்டின் நோபல் பரிசிற் பங்கு பெற்றனர். இன்று பஸ்களிற் பொருத்தப்படும் கமராக்களில் இருப்பது பெரும்பாலும் அதற்குப் பின்வந்த மலிவான வேறொரு வகைச் சில்லு என்றாலும், கருத்து அதுவேதான். அமெரிக்காவில், தன் தந்தை பின்னோக்கிச் செலுத்திய வாகனத்தில் அகப்பட்டு உயிரிழந்த ஒரு சிறுவனின் பெயரைத் தாங்கிய சட்டத்தின் விளைவாக, 2018 மே மாதம் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் வான்களுக்கும் பின்புறக் கமரா கட்டாயமாயிற்று. வாகனத்தின் நேர் பின்னே ஏறத்தாழ 3 மீற்றர் அகலமும் 6 மீற்றர் நீளமுமான நிலம் அதிலே தெரிய வேண்டும், பின்செல் கியர் விழுந்த இரண்டு விநாடிக்குள் படம் வர வேண்டும் என்பன அதன் நிபந்தனைகளுட் சில. பெரிய பஸ்கள் அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை. எந்த வாகனத்தின் பின்புறம் மிகவும் இருண்டதோ அதற்கே கட்டாயம் இல்லாமற் போனது எனக்கு வருத்தம் தருவதொன்று.

நம் நாட்டிலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸுக்குக் கமரா வேண்டுமென்றால், உரிமையாளரே ஒன்றை வாங்கி, வாகன வயறிங் வேலை தெரிந்தவரைக் கொண்டு பொருத்திக்கொள்ள வேண்டும். பஸ்ஸின் கூரைக்குள்ளும் பலகைத் தட்டுக்கு அடியிலும் பதினைந்து மீற்றர் கம்பியை இழுப்பதென்றால் உள்தகடுகளைக் கழற்ற வேண்டும். ஒரு நாள் ஓட்டம் நின்றுபோகும். எனவேதான், கம்பியில்லாக் கமரா என்ற பெயரைக் கேட்டதும் உரிமையாளரின் மனம் அதிலே சென்று பற்றுகிறது.

ஆனால், கம்பியில்லாக் கமராவுக்கும் கம்பி வேண்டும். படத்தை எடுத்துச் செல்லும் கம்பி மாத்திரமே அதில் இல்லை; கமராவுக்கு உயிர் கொடுக்கும் மின்கம்பியும், திரைக்கு உயிர் கொடுக்கும் மின்கம்பியும் இருந்தேயாக வேண்டும். பின்புறத்தில் மின்சாரத்துக்கு எங்கே போவது? அங்கே ஏற்கெனவே பின்செல் கியரோடு சேர்ந்து எரியும் வெள்ளை விளக்கு இருக்கிறது. கியர்ப்பெட்டியிலுள்ள ஒரு சிறு ஆளி, பின்செல் கியர் விழுந்ததும் மூடி, அவ்விளக்குக்கு மின்னை அனுப்புகிறது. அந்த விளக்கின் கம்பியில் கமராவை இணைத்துவிட்டால் கியர் போட்டவுடன் கமராவும் விழித்துக்கொள்ளும். பெரும்பாலோர் செய்வது இதுவே. இதில் ஒரு தீங்கு மறைந்து கிடக்கிறது. உறங்கிக் கிடந்த கமரா விழித்து, முன்னாலிருக்கும் திரையோடு தொடர்பை ஏற்படுத்திப் படத்தை அனுப்பச் சில விநாடிகள் செல்லும். அவசரக்காரச் சாரதியோ கியர் விழுந்த அக்கணமே வண்டியை நகர்த்திவிடுவார். ஆகவே, எஞ்சின் ஓடும் வேளையெல்லாம் மின் வரும் ஒரு சுற்றிலே கமராவை இணைத்து அதனை எப்பொழுதும் விழித்திருக்கச் செய்து, பின்செல் கியரின் கம்பியைத் திரையை மாத்திரம் எழுப்புவதற்குப் பயன்படுத்துவதே விவேகமானது. அதற்கு இன்னுமொரு கம்பி இழுக்க வேண்டியிருக்கலாம். இழுத்தே ஆகவேண்டும் என்பேன்.

அடுத்தது வோல்ற்றளவு. வீட்டு முற்றத்தில் நிற்கும் காரும் சிறிய வானும் 12 வோல்ற்றில் இயங்க, பெரிய பஸ்கள் 24 வோல்ற்றில் இயங்குகின்றன; ரோசா, கோஸ்டர் போன்ற சிறு பஸ்களிற் பலவும் அப்படியே. இரண்டு 12 வோல்ற் பற்றரிகள் தொடராக இணைக்கப்பட்டு அந்த 24 வோல்ற்றைத் தருகின்றன. காரணம் எளிது: கனத்த டீசல் எஞ்சினைச் சுழற்றித் தொடக்குவதற்குப் பெரும் சக்தி வேண்டும், அதே சக்தியை இருமடங்கு வோல்ற்றளவிற் கொடுத்தால் மின்னோட்டம் பாதியாகும், கம்பியில் வெப்பமாக வீணாகும் சக்தி மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால் அது காற்பங்காகக் குறையும். எஞ்சின் ஓடிப் பற்றரி ஏறிக்கொண்டிருக்கும்போது அந்த 24 வோல்ற் 28 வோல்ற்றளவுக்கு உயர்கிறது. காருக்கென்று செய்யப்பட்ட 12 வோல்ற் கமராவை இதிலே நேரே இணைத்தால் அது புகைந்து போவது நிச்சயம். இதனை அறிந்த சிலர் ஒரு சாமர்த்தியம் செய்வதுண்டு: இரண்டு பற்றரிகளில் ஒன்றிலிருந்து மாத்திரம் 12 வோல்ற்றை எடுத்துக்கொள்வர். சாமர்த்தியம் போலத் தோன்றும் இது பற்றரிக்குச் செய்யும் துரோகமாகும். ஒன்று மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போக, மற்றையது தேவைக்கு மேல் ஏற்றப்பட்டு, சில மாதங்களில் இரண்டுமே கெட்டுவிடும். 9 முதல் 32 வோல்ற் வரை தாங்கும் கமராவை வாங்குவது, அல்லது 24 ஐ 12 ஆக இறக்கும் மாற்றியொன்றை இடையில் வைப்பது, இவ்விரண்டுமே நேரான வழிகள். எவ்வழியானாலும் சிறிய பியூஸ் ஒன்று இருக்க வேண்டும். எதிர்மின் கம்பியைத் துருப்பிடித்த பின்தகட்டில் முறுக்கிவிடாமல், சுரண்டித் துலக்கிய சட்டத்திலே நன்றாக இறுக்க வேண்டும். தொண்டைமானாற்றுக் கடனீரேரியையும் வளலாய்க் கடற்கரையையும் தொட்டுக்கொண்டிருக்கும் ஊர்களில் உப்புக்காற்று இரும்பை விட்டுவைப்பதில்லையாதலால், படம் நடுங்குகிறது என்று கமராவைப் பழிப்பவர் முதலிற் பார்க்க வேண்டியது அந்த இணைப்பையே.

இனி, கம்பிக்குப் பதிலாகப் படத்தைச் சுமந்து செல்லும் அலைகளைப் பார்ப்போம். 1887 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹேர்ட்ஸ் மின்காந்த அலைகளை ஆய்வுகூடத்தில் உண்டாக்கிக் காட்டிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் சில மில்லிமீற்றர் நீளமே உள்ள நுண்ணலைகளை ஆராயத் தொடங்கிவிட்டார். 1895 அளவில் அவர் பொதுமக்கள் முன்னிலையில், சுவர்களைக் கடந்து செல்லும் கண்காணா அலைகளைக் கொண்டு தூரத்திலிருந்த மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார். நமது பஸ் கமரா பயன்படுத்துவது அவற்றினும் நீண்ட அலைகளை. அதன் மீடிறன் 2.4 கிகாஹேர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 240 கோடி அதிர்வுகள். விநாடிக்கு 3 இலட்சம் கிலோமீற்றர் செல்லும் அலையை இவ்வெண்ணாற் பிரித்தால் அலைநீளம் 12.5 சென்ரிமீற்றர் என்று வரும். அன்ரனாவின் உயிரான பகுதி பெரும்பாலும் இதன் காற்பங்கு, ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர். கமராவோடு வரும் அன்ரனா அவ்வளவு குட்டையாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

இரும்புத் தகடு இந்த அலையை விடாது. ஆனால் பஸ் முழுவதும் இரும்பு அன்று. அலைநீளத்தைக் காட்டிலும் பன்மடங்கு பெரிய சாளரங்கள் அதிலே இருக்கின்றன, கண்ணாடியூடாக அலை தாராளமாகச் செல்லும். சில பஸ்களின் பின்முகம் கண்ணாடிநாரினால் வார்க்கப்பட்டிருக்கும். அதுவும் அலைக்குத் தடையன்று. எனவே அன்ரனாவைத் தகட்டோடு ஒட்டிப் படுக்கவைக்காமல், பின் சாளரத்தின் அருகிலோ கண்ணாடிநார்ப் பகுதியின் பின்னாலோ நிமிர்ந்து நிற்க வைத்தல் வேண்டும். முன்புறத்து அன்ரனாவும் அவ்வாறே நிமிர்ந்து நிற்க வேண்டும். ஒன்று நின்று மற்றொன்று படுத்திருந்தால், ஒன்று விடும் அலையின் அதிர்வுத்திசை மற்றதன் திசைக்குக் குறுக்காகி, வந்துசேரும் சைகை வெகுவாக நலிந்துபோகும். வெயிலுக்காகச் சாளரங்களில் உலோகப் பூச்சுள்ள படலம் ஒட்டப்பட்டிருந்தால், அப்படலமும் கண்ணுக்குத் தெரியாத தகடாகவே நிற்கும்.

தூரம் இங்கே பெரிய விஷயம் அன்று. இத்தகைய இரண்டு சிறு அன்ரனாக்களுக்கு நடுவே, வெறும் வெளியிற்கூட, 10 மீற்றர் தூரத்துக்கு அப்பால் வந்து சேர்வது அனுப்பிய சக்தியில் ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே எனினும், ஏற்கும் கருவி அதனிலும் பல்லாயிரம் மடங்கு மெலிந்த சைகையையும் பற்றிக்கொள்ள வல்லது. விஷயம் பிரயாணிகளே. சமையலறை நுண்ணலை அடுப்பு இதே 2.4 கிகாஹேர்ட்ஸை ஒட்டிய அலைகளைக் கொண்டுதான் உணவிலுள்ள நீரைச் சூடாக்குகிறது. மனித உடலிலும் பெரும்பங்கு நீர்தான். கமரா அனுப்பும் அலையின் வலு அடுப்பினதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகையால் அதனால் எவருக்கும் கேடில்லை. ஆனால் அந்தச் சிறிதளவு வலுவை, நடைவழியில் நெருங்கி நிற்கும் உடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கிக்கொள்கின்றன. ஆகவே, திருத்தகத்தில் வெறுமையாக நின்ற பஸ்ஸில் பளிச்சென்று தெரிந்த படம், ஆவணி மாதத்தில் சந்நிதித் திருவிழாவுக்குக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போகும்போது சிதறிப் போகக் கூடும். கமரா மிகவும் தேவைப்படும் நேரமும் அதுவே. இதற்காகத்தான் இரு அன்ரனாக்களையும் தலைகளுக்கு மேலே, கூரையின் அருகே, உயரத்தில் வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன்.

இந்த அலைவரிசை எல்லார்க்கும் பொதுவான சந்தையும் ஆகும். கைத்தொலைபேசிகளின் வைஃபையும், புளூடூத்தும், வீட்டுக் கருவிகள் பலவும் அதிலேயே பேசிக்கொள்கின்றன. பழைய மலிவான கம்பியில்லாக் கமராக்கள், பழைய தொலைக்காட்சி ஒளிபரப்பைப் போலவே, படத்தை அப்படியே திறந்தவெளியில் வீசுகின்றன. அதே அலைவரிசையிலுள்ள எந்தத் திரையும் அதனைப் பிடித்துக்கொள்ளும். யாழ்ப்பாணம் மத்திய பஸ் நிலையத்தில் இரண்டு பஸ்கள் அத்தகைய கமராவோடு அருகருகே நின்றால், ஒரு சாரதி தம் திரையிலே மற்ற பஸ்ஸின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டு தம் பஸ்ஸைப் பின்னோக்கிச் செலுத்த நேரலாம். இதைவிடப் பயங்கரமான கருவி வேறு இருக்க முடியாது. இலக்கமுறைக் கமராவோ தன் திரையோடு மாத்திரம் இரகசிய எண்ணினால் இணைக்கப்பட்டு, நெரிசல் கண்ட அலைவரிசையை விட்டு வேறொன்றுக்குத் தாவிக்கொண்டே செல்வதால் இத்தீங்கு அதில் இல்லை.

ஆனால் அதற்கு வேறொரு குணம் உண்டு. 640 புள்ளி அகலமும் 480 புள்ளி உயரமும் உள்ள படத்தை விநாடிக்கு 25 தரம் அனுப்புவதென்றால், விநாடிக்கு 76 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகளை அனுப்ப வேண்டும். அவ்வளவையும் சுமக்க அந்த அலைவரிசைக்கு வலுவில்லை. எனவே கமரா, ஊரிலிருந்து வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதும் தாய் மாறாதவற்றை விட்டு மாறியவற்றையே எழுதுவதுபோல, முன்னைய படத்திலிருந்து மாறிய பகுதிகளை மாத்திரம் சுருக்கி அனுப்புகிறது. சுருக்கவும் விரிக்கவும் நேரம் செல்கிறது. அந்தத் தாமதம் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் பின்செல்லும் பஸ் அதற்குள் 28 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். திரையிலே மதிலுக்கு ஒரு முழம் இடமிருப்பதாகத் தோன்றும்போது உண்மையில் அதன் பெரும்பகுதி முடிந்திருக்கும். நகரும் வேகத்தை நடைவேகத்திலும் பாதியாக வைத்துக்கொள்வதொன்றே இதற்குப் பரிகாரம்.

தாமதத்தினும் கொடியது உறைந்த படம். பழைய முறைக் கமராவில் சைகை தடைப்பட்டால் திரை முழுவதும் வெண்புள்ளிகள் கொதித்தெழும். தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அது ஐயத்துக்கிடமின்றிச் சொல்லிவிடும். இலக்கமுறைக் கருவிகளிற் சில, சைகை வராதபோது கடைசியாக வந்த படத்தையே திரையில் நிறுத்தி வைக்கும். வெறுமையான ஒழுங்கை தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அது மூன்று விநாடிக்கு முந்திய ஒழுங்கை. அதற்குள் படலையைத் திறந்துகொண்டு ஒரு பிள்ளை ஓடி வந்திருக்கலாம். உயிரோடு சம்பந்தப்பட்ட கருவியொன்று பழுதடையும்போது, தான் பழுதடைந்தேன் என்பதை வெளிப்படையாகக் காட்டவேண்டும் என்பது என் திடமான கருத்து. படத்தின் துல்லியம், திரையின் அளவு, விலை முதலிய எல்லாவற்றையும் இதற்கு அடுத்ததாகவே வைப்பேன். வாங்கும்போதே கடையில் ஒரு சோதனை செய்யலாம்: கமராவின் மின்னைத் துண்டித்துப் பார்க்க வேண்டும். உடனே திரை கறுத்து, சைகை இல்லை என்று அறிவித்தால் நல்லது. படம் அசையாமல் நின்றால் அதனைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே உத்தமம்.

இவ்வளவையும் நினைக்கும்போது, புதிதாக உடல் கட்டப்படும் பஸ்ஸுக்கும், உள்தகடுகளைக் கழற்றித் திருத்தும் பஸ்ஸுக்கும் கம்பிக் கமராவே சிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கம்பியில் நெரிசலும் இல்லை, பக்கத்து பஸ்ஸும் இல்லை, பிரயாணியின் உடலும் இல்லை. உழவு இயந்திரத்தின் பின்னே கொளுவிக் கழற்றும் பெட்டிக்கும், உள்தகடுகளைத் தொடமுடியாத பழைய பஸ்ஸுக்கும் கம்பியில்லா முறை தக்கது. ஒரு நாள் ஓட்டத்தின் வருமானத்தைக் காப்பதற்காக மாத்திரம் அதனைத் தெரிவு செய்வோர், எதனை விற்று எதனை வாங்குகிறோம் என்பதை அறிந்துகொண்டே செய்ய வேண்டும்.

கமராவின் வில்லையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. 120 பாகைக்கு மேற்பட்ட அகன்ற பார்வையைச் சிறு திரைக்குள் அடக்குவதால் ஓரங்களில் நேர்கோடுகள் வளைந்து தோன்றும், தூரத்துப் பொருள்கள் மிகச் சிறுத்துப் போகும். இதற்குச் சாரதியின் கண் சில நாளிற் பழகிவிடும். இடம் வலம் அப்படியன்று. பின்னோக்கி நிற்கும் கமராவுக்கு வலம் எதுவோ அது பஸ்ஸுக்கு இடம். படத்தை அப்படியே காட்டினால், இடப்பக்கத்து மதில் திரையின் வலப்பக்கத்தில் நிற்கும், சாரதி அதைவிட்டு விலகுவதாக நினைத்து அதன்மேலேயே ஏற்றுவார். எனவே பின்புறக் கமராக்கள் கண்ணாடியின் பிரதிபிம்பத்தைப் போல இடவலம் மாற்றியே படத்தை அனுப்புகின்றன. சில கமராக்களில் ஒரு சிறு கம்பி வளையத்தை வெட்டினால் இம்மாற்றம் நீங்கிவிடும். ஏன் என்று அறியாமல் அதனை வெட்டிவிடும் கைகளும் உண்டு.

திரையிலே பச்சை, மஞ்சள், சிவப்பாகத் தெரியும் அளவுகோடுகளை நம்புவோர் இன்னொன்றை அறிய வேண்டும். அக்கோடுகள் சமதரையில் கிடக்கும் பொருளுக்கே உண்மையானவை. தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பொருள் எப்பொழுதும் இருப்பதைக் காட்டிலும் தூரமாகவே தோன்றும். கமரா 2.4 மீற்றர் உயரத்தில் இருக்க, பின்னாலே நிற்கும் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியிலிருந்து ஓர் இரும்புக் கம்பி 1.2 மீற்றர் உயரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் நுனி கமராவிலிருந்து ஒன்றரை மீற்றரில் இருந்தாலும், கமராவிலிருந்து அந்நுனியூடாகச் செல்லும் கோடு தரையைத் தொடுவது 3 மீற்றரில். திரையிலே அது 3 மீற்றர்க் கோட்டின்மேல் இருப்பதாகவே தெரியும். கமராவைக் காட்டிலும் உயரமான மரக்கிளையோ, வானத்தின் பகுதியாகவே தோன்றும். பனையோலைக் கட்டும் வாழைக்குலையும் மரத்தடியும் வண்டிகளில் நீட்டிக்கொண்டு போகும் நமது தெருக்களில் இது சிறிய விஷயம் அன்று.

இரவிலே, கமராவைச் சுற்றிப் பதித்திருக்கும் சிறு விளக்குகள் கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ்க் கிரணங்களை வீசுகின்றன. சிலிக்கன் சில்லு அக்கிரணங்களையும் உணருமாகையால் இருளிலும் கறுப்பு வெள்ளைப் படம் கிடைக்கிறது. பச்சை இலைகள் அக்கிரணங்களை மிகுதியாகத் திருப்பி அனுப்புவதனால், இரவில் வேலியோரத்துப் பூவரசு வெளிறிப் பூத்ததுபோலத் தோன்றும். புதிய சாரதிகள் அதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. மாரியில் தெறிக்கும் செம்மண் சேறும், கோடையில் எழும் செம்புழுதியும் வில்லையை மூடிவிடும் என்பதுதான் பெரிய தொல்லை. தூசியும் நீரும் புகாதபடி அடைக்கப்பட்ட கமராவாக இருந்தாலும், வில்லையின் வெளிமுகத்தைத் துடைப்பதற்கு மனிதக் கையே வேண்டும். முன்கண்ணாடியைக் காலையில் துடைக்கும் துணியே அதற்கும் போதும்.

பொருத்தி முடித்ததும் பஸ்ஸை ஒரு வெறுந்தரைக்குக் கொண்டுசென்று, பின்தகட்டிலிருந்து 1, 2, 3 மீற்றர் தூரங்களிற் சுண்ணாம்பினாற் கோடிட்டு, அக்கோடுகள் திரையின் கோடுகளோடு ஒத்திருக்கின்றனவா என்று, வயறிங் செய்தவர் அன்றி அந்த பஸ்ஸை நாள்தோறும் செலுத்தும் சாரதியே, தம் ஆசனத்தில் இருந்து பார்க்க வேண்டும். பின்பு, நடைவழி நிறைய ஆட்களை நிறுத்தி, அவர்களுடைய கைத்தொலைபேசிகள் இயங்கிக்கொண்டிருக்கையில், எஞ்சினை ஓடவிட்டு, விளக்குகளையும் எரியவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஓட்டத்தின்போது நடத்துநரின் வேலையும் நின்றுவிடாது. ஆனால் அவர் இனி பஸ்ஸின் நேர் பின்னால், மதிலோடு நிற்க வேண்டியதில்லை. பின்மூலையிலே, சாரதியின் பக்கக் கண்ணாடியிலும் கமராவின் விளிம்பிலும் ஒருங்கே தெரியும் இடத்தில் நின்றுகொண்டு, பஸ் நகர்வதற்கு முன் ஒரு தரம் கையை மேலும் கீழும் அசைத்தால் போதும். அந்தக் கை திரையிலும் அசைகிறதென்றால் படம் உயிரோடிருக்கிறது. அதைக் கண்ட பின்னரே சாரதி பிறேக்கிலிருந்து காலை எடுக்கலாம்.